ஹிகிட்டா கோமாளியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கொலம்பியா கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டாவ கோமாளின்னு போட்டிருக்கீங்க. எழுதுன சார் கோல் போஸ்ட்டுக்கு நடுவுல ஒரு நாளாவது நின்னிருப்பாருன்னு நம்புறேன்.

1995ல லண்டன் வெம்ப்ளி மைதானத்துல இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி ரெட்நாப் தூக்கிவிட்ட பந்த சும்மா கையால பிடிக்காம, முன்னால சாடி ரெண்டு குதிகாலையும் முதுகுக்கு மேல கொண்டுவந்து தட்டிவிட்டாரே, அது ஒண்ணுதான் அவர் கண்ணுல பட்டிருக்கு. அப்புறம் 1990 உலகக்கோப்பையில கேமரூன் ஆட்டக்காரர் ரோஜர் மில்லாகிட்ட பந்த பறிகொடுத்தது. சரி, கொடுத்தாரு, கொலம்பியாவும் வீட்டுக்குப் போச்சு. ஆனா அதுக்கு முந்தின வருஷம் தென் அமெரிக்க கிளப்புகளோட பெரிய கப்பான கோபா லிபர்டடோரஸ் ஃபைனல் பெனால்டியில நாலு பந்த தடுத்து, தானும் ஒண்ணு அடிச்சு, தன்னோட கிளப் அட்லெட்டிகோ நாசியோனலுக்கு கப்பு வாங்கிக் கொடுத்தது யாரு? ஒரு கொலம்பியா டீம் அந்தக் கப்ப தொட்டதே அப்பதான். உங்களுக்குத் தெரியாததா!

2014 உலகக்கோப்பையில ஜெர்மனி கோல்கீப்பர் நியூயர் பெனால்டி பாக்ஸ விட்டு ஓடிவந்து பந்த வெளியே அடிச்சப்ப இதே பக்கத்துல புரட்சின்னு எழுதினீங்க. ஜெர்மன்காரன் செஞ்சா புரட்சி, அதையே கால் நூற்றாண்டு முன்னாடி செஞ்சவன் கோமாளி. நல்ல நியாயம். கடத்தின பிள்ளைய மீட்க நடுவுல போய் காசும் வாங்கினதுக்கு 1993ல ஏழு மாசம் ஜெயில்ல கிடந்தாரு, கேஸ் நிக்கல, ஆனா 94 உலகக்கோப்பை போச்சு. அதுக்கு ஒரு வரி இல்ல.

நான் தூத்தூர் பக்கம் கடப்புறத்துக்காரன், மணல்ல கோலியா, அதான் கோல்கீப்பரா, நின்னே வளந்தவன். நனைஞ்ச பந்து நெஞ்சுல வந்து விழுந்தா மூச்சு நிக்கும், கிளவுஸ்லாம் கண்ணால பாத்ததில்ல. ஒரு ஃபைனல்ல முக்கா மேட்ச் பந்த தடுத்துட்டு கடைசியில ஒண்ணு நழுவிச்சு, மறுநாள் உங்க பேப்பர்ல "கோல்கீப்பரின் தவறால் தோல்வி"ன்னு வந்தத டீக்கடையில சத்தமா வாசிச்சானுவ. தடுத்தது ஒண்ணையும் காணோம். என் பேரையும் காணோம், அதுவும் நல்லதுக்குத்தான்னு அம்மை சொன்னா.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல டீமுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஃபுட்பால் மேட்ச்சுக்கே கூட்டம் நெரியுது, நீங்க ஐபிஎல்ல ஒருத்தன் முடி வெட்டினா கலர் போட்டோ போடுறீங்க. இத முந்தியும் எழுதினேன், பதில் இல்ல.

கோமாளின்னு போட்டதுக்கு நீங்க வருத்தமெல்லாம் தெரிவிக்க வேண்டாம் ஐயா. இங்க நடக்குற டோர்னமென்ட் ரிசல்ட் போடும்போது கோல் அடிச்சவன் பேரோட ரெண்டு கோலி பேரையும் போடுங்க, போதும். இடம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, போன வாரம் பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரம்தான்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோலி,
குமரி மேற்குக் கடப்புறம்