திருவிடந்தைக் கண்காட்சி நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கோவளத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை பக்கத்துத் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. டில்லியிலும் 2016-இல் கோவாவிலும் நடந்த இந்த டிஃபெக்ஸ்போ கண்காட்சி, பத்தாவது முறைக்கு நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தது. அதை ஒட்டி என் கடைக்கு நல்ல வியாபாரம். அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பந்தல் போட வந்த வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு. கண்காட்சி நான்கே நாள். நீங்களோ பல வாரம் முன்பே வந்துவிட்டீர்கள். எனக்கு நிலையாகக் காசு வந்தது உங்களிடமிருந்துதான். ரொட்டி கிடைக்குமா என்று சைகையில் கேட்டீர்கள். உங்களில் ஒருவர் அடுப்படிக்கே வந்து மாவு பிசைந்து காட்டினார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ரொட்டியும் பருப்பும்தான். பங்குனி வெயிலில் இரும்புக் கம்பி சுமந்த களைப்பிலும், சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனீர்கள். அதை எப்படி மறப்பேன்!

பிரதமர் வந்த 12-ஆம் தேதி சாலையில் பாதுகாப்புக் கெடுபிடி. மதியம் வரை ஆளே வரவில்லை. வடித்த சோறு அப்படியே இருந்தது. கண் கலங்கிவிட்டது. விருந்தினர்களை இறக்கிவிட்டுக் காத்திருந்த கார் ஓட்டுநர் தம்பி ஒருவர் சாப்பிட வந்தார். அப்புறம் ஃபோன் போட்டு மற்றவர்களையும் வரவழைத்தார். மூன்றரை மணிக்குச் சோறு காலி. தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசி நாள் தமிழ்ப் புத்தாண்டு, பொதுமக்களுக்கும் அனுமதி. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆவடியில் செய்த அர்ஜுன் டாங்கியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், இலையில் சோற்றைக் குவித்து அதன் மேல் விரலால் டாங்கி ஓட்டினான். அன்று மீனவர் குப்பத்து அக்காக்கள் தங்கள் வீட்டுப் பண்டிகைச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, மாங்காய் நறுக்கினார்கள், பரிமாறினார்கள். கூலி என்று நீட்டியதை வாங்கவே இல்லை.

அரிசிக் கடை அண்ணா, எழுதி வாங்காமல் மூட்டை இறக்கினீர்கள். வியாழக்கிழமை பாக்கி முழுவதையும் கொண்டுவருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் அண்டாவைத் துலக்கி வைத்திருக்கிறேன். புது கிரைண்டரும் வந்துவிட்டது. நாளைக்கு உங்கள் அரிசியையும் ஊறப்போட்டுக் கொடுங்கள், சேர்த்து ஆட்டித் தருகிறேன்.