பாதை தயார், ரயில் எப்போது? – ரயில் பயணிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போலக் கூடியது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் சொல்லுவார், எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

கணக்குப்படி அடுத்த ஆண்டு அறிக்கையில் வர வேண்டிய செய்தி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள். 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று பாம்பன் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதே நிகழ்ச்சியில் தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலுக்கும் கொடியசைத்தார்கள். மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக அது தினமும் ஓடுகிறது. மீட்டர்கேஜ் காலத்துக் கம்பன் எக்ஸ்பிரஸே திரும்பி வந்துவிட்டதாக மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். பெயர் வரவில்லை; போகட்டும், ரயில் வந்துவிட்டது. நம்மூரில் நிற்காது, பட்டுக்கோட்டைக்குப் போய்த்தான் ஏற வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு காலம் என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் நம் திருவாரூர்–காரைக்குடி தடத்தில் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடி–பட்டுக்கோட்டை 2018-இலும், பட்டுக்கோட்டை–திருவாரூர் 2019-இலும் திறந்தன. தண்டவாளம் போட்டு முடிந்ததும் ரயில் வந்துவிடும் என்றுதான் ஊரே நினைத்தது. ஆனால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் மோட்டார் டிராலியில் வந்து பாலம், வளைவு, கேட் எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் வேகச் சோதனை ஓட்டம். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ஆகவே ரயில்வேயின் அவசரமெல்லாம் அவரிடம் செல்லாது, அது நல்லதுதான். பாம்பனிலும் அதையே பார்த்தோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோனது. புதியதை 2024 நவம்பரில் சோதித்த ஆணையர் குறைகளை எழுதிவைத்து, கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது என்றார். அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது ஆணையர் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் தாமதத்தை. 2019 ஜூன் 1-ஆம் தேதி திருவாரூர்–காரைக்குடி டெமு (டீசலில் ஓடும் குறுந்தூரப் பயணிகள் வண்டி) ரயில் மாலை மரியாதையோடு புறப்பட்டதே, நினைவிருக்கிறதா? சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். பாதையில் குறையில்லை, இன்ஜினிலும் குறையில்லை. கேட்டுகளில் ஆள் இல்லை! கேட்கீப்பர் நியமிக்காமலே ரயிலை விட்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி நடந்துபோய்க் கேட்டை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுவார். தேங்காய் மட்டை ஏற்றிய வண்டிக்காரர் கேட்டில் நின்றபடி, "அண்ணே, நான் முந்திக்கிட்டுப் போய் அடுத்த கேட்டைச் சாத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டதும் நடந்தது. இரண்டு தடவை இதில் போனவர்கள் மூன்றாவது தடவை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கூட்டம் இல்லை என்று பிறகு ரயில்வேக்காரர்கள் நம்மிடமே சொன்னார்கள்.

அடுத்து கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021-இல் மீண்டும் ஓடியபோதும் ஆள் பிரச்சினை தீர நாளானது. கேட்கீப்பர்கள் வந்து சேரச் சேரத்தான் நேரம் குறைந்தது. பிறகு, 2023 ஏப்ரல் 8-இல் தாம்பரம்–செங்கோட்டை ரயில் வாரம் மும்முறை, அதே நாளில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதையில் டெமு. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி வண்டி வாரம் இருமுறை. வாரம் மும்முறை ரயிலில் சென்னையில் வைத்தியம் பார்க்கப் போகிறவர், டாக்டர் சொல்கிற தேதிக்குப் போவதா, ரயில் ஓடுகிற தேதிக்குப் போவதா?

இந்த ஆண்டு செய்தவை: கூடுதல் டெமு கேட்டு மனுக்கள் கொடுத்தோம், மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நேரில் போனபோது ஒரு அதிகாரி டீ வாங்கிக்கொடுத்து உள்ளதைச் சொன்னார்: "கூடுதல் வண்டி கேட்கிறீர்கள் சார். எந்த ரேக், அதாவது எந்தப் பெட்டித் தொடர்? ராத்திரி எங்கே நிறுத்தி, அடியில் இறங்கிப் பராமரிக்கும் எந்தப் பிட் லைனில் பார்ப்பது? ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு எந்த ஸ்டேஷனில் வழிவிடுவது? அங்கே இரவு டூட்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறாரா?" மற்றவர்கள் சொன்ன ஆறுதலைவிட எனக்கு இது பயன்பட்டது.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை இதுதான். "புதிய ரயில் விடு" என்ற பொத்தாம்பொதுவான மனுவை இனி நிறுத்துவோம். காலியாக உள்ள ஸ்டேஷன் மாஸ்டர், கேட்கீப்பர் இடங்களை நிரப்புவது, டெமுவுக்குக் கூடுதல் ரேக், இரவிலும் கிராசிங் வசதி, செங்கோட்டை வண்டியைத் தினசரியாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி நினைவூட்டல். புதிய பாதை அறிவிப்புகளையும் இப்படியே தொடரலாம். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை பாதை எத்தனை பட்ஜெட்டைப் பார்த்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

நம்மூரில் தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டிக்கு நிறுத்தம் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கடைத்தெருவுக்கு நால்வர், பள்ளிவாசல் தெருவுக்கு இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் துணைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். இப்போது பொருளாளர் கணக்கு வாசிப்பார்.