கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துணை மின்நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினோரு வருடமாக நான் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்மாற்றிகள் வரிசையாக நிற்கின்றன. அதனால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன்.

கட்டுரை நெடுக 'கதிர்வீச்சு' என்ற சொல் வருகிறது. அதைக் கேட்டால் யாருக்கும் எக்ஸ்ரேயும் அணு உலையும்தான் ஞாபகம் வரும். இங்கே ஓடுவது விநாடிக்கு 50 சுழற்சி, சில நாடுகளில் 60 சுழற்சி போடும் மாறுதிசை மின்சாரம். அதைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் உண்டாகின்றன. எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இவற்றுக்குக் கிடையாது. மின்புலத்தைச் சுவரும் மரமுமே பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரை மதிக்காமல் உள்ளே வரும். கவலைப்படுவதாக இருந்தால் அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அதற்காக எல்லாம் வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 1979-ல் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் புற்றுநோயையும் வீட்டருகே செல்லும் மின்கம்பிகளையும் முடிச்சுப் போட்டது. 2000-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டில் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவைத் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) தாண்டிய குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. 2002-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று அதற்கு அர்த்தம். (கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னாளில் அதே பிரிவில்தான் சேர்ந்தது.)

உங்கள் கட்டுரை '2பி'யோடு நின்றுவிட்டது. 2000-ல் சேர்த்துப் பார்த்த அந்த ஆய்வுத் தொகுப்பில் 0.4-க்கு மேல் இருந்த வீடுகளின் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதையும் எழுதியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எல்லாவற்றையும் திரும்ப அலசி, விலங்குச் சோதனைகள் இதற்குத் துணை நிற்கவில்லை, காந்தப்புலம்தான் காரணம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்றது. செலவு அதிகமில்லாத தடுப்பு வழிகளைச் செய்வது நல்லது என்றும் அதே அறிக்கை சொன்னது. பயமுறுத்துகிறவர்கள் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள், மின் அதிகாரிகள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அதிகாரிகளிடம் கேட்டால் 200 மைக்ரோடெஸ்லா வரை அனுமதி உண்டு, உங்கள் வீட்டில் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பார்கள். 2010-ல் வந்த சர்வதேச வழிகாட்டு அளவு அது, சரிதான். ஆனால் வலுவான புலம் உடனடியாக நரம்பைத் தூண்டுவதைத் தடுக்கவே அதை வகுத்தார்கள். வருடக்கணக்கில் பக்கத்திலேயே குடியிருந்தால் என்ன ஆகும் என்று நாம் கேட்பதற்கு அது பதில் ஆகாது.

அப்புறம், தூரம். மின்மாற்றியிலிருந்து வரும் காந்தப்புலம் தூரம் இரட்டித்தால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். வேலிக்கு வெளியே வந்து சேர்வது பெரும்பாலும் உள்ளே போகிற, வெளியே வருகிற கம்பிகளின் புலம்தான். மின்நிலையத்திலிருந்து வெகு தள்ளி, உயரழுத்தக் கம்பிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் என் வீட்டைவிட அதிகம் இருக்கலாம். நண்பர் ஒருவர் அளவுக்கருவி கொண்டுவந்தபோது எங்களுக்கும் இதுதான் தெரிந்தது. கொல்லையில் கம்பி கடக்கிற மூலையில் முள் ஏறியது, மின்மாற்றிக்கு நேர் எதிரே இருக்கும் அறையில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் அதிகம் காட்டிய இடம் மீட்டர் பெட்டி இருந்த சுவர். அதன் மறுபக்கம் பேரனின் கட்டில்! அன்றைக்கே கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டோம்.

இத்தனை எழுதியும் என்னை நிஜமாகவே படுத்துகிற விஷயத்துக்கு இன்னும் வரவில்லை. அந்த ரீங்காரம். மின்மாற்றியின் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை துளியூண்டு நீண்டு சுருங்குவதால் 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 100 அதிர்வில், ஒரு முனகல் எழும். பகலில் தெரு இரைச்சலில் கரைந்துவிடும். இரவில் ஊர் அடங்கியதும் அது மட்டும் மிஞ்சும். தாழ்ந்த ஒலி என்பதால் ஜன்னலை மூடினாலும் அவ்வளவாகக் குறையாது. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம், எரிச்சல், தலைவலி என்று வரிசையாக வரும். அதையெல்லாம் 'கதிர்வீச்சு' கணக்கில் எழுதிவிடுவதால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக்கூட ஆள் இல்லை. அதிர்வு தாங்கும் அடித்தளம், ஒலித்தடுப்புச் சுவர், தேய்ந்த குளிர்விப்பு விசிறியை மாற்றுவது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன.

பழைய மின்மாற்றிகளில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்த எண்ணெய் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ரசாயனம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அப்படிப்பட்ட கருவிகளைப் பயன்பாட்டிலிருந்து நீக்க 2025-ஐக் கெடுவாக வைத்தது.

அடுத்த முறை உங்கள் நிருபர் இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால், எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கையையும் இரவு நேர ஒலி அளவையும் கேட்டு வாங்கி அச்சிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வருவதானால் பகலில் வர வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து பின்னறையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்