மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனமில்லை, அதனால் எழுதுகிறேன். "வண்டியிலிருந்து விழுந்தபோது தலைக்குள் ஏற்பட்ட ரத்தக்கட்டு கரைந்துவிட்டது என்றார்கள், ஒரு வருஷத்துக்குப் பக்கமாக நன்றாகத்தானே இருந்தேன், இப்போது எதற்கு இந்த ஃபிட்ஸ், வலிப்பு?" என்று கேட்டாய். நியூரோ வார்டில் நர்ஸாக இருந்தபோது இதையே எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

வண்டியிலிருந்து விழுந்து தலை மோதும்போது அடிபட்ட இடம் கன்றிப்போவதோடு விஷயம் முடிவதில்லை. அந்த உலுக்கலில், மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற நீளமான நரம்பு இழைகளும் இழுபட்டுச் சேதமாகும். சி.டி. ஸ்கேன் ரத்தத்தையும் எலும்பு முறிவையும் காட்டும். இழைகளின் சேதம் பெரும்பாலும் அதில் தெரியாது. வேலையில் உனக்குக் கவனம் சிதறியதும், பேச்சுக்கு நடுவில் வார்த்தை கிடைக்காமல் தவித்ததும், சாயங்காலமானால் அசந்துபோனதும் இதனால்தான் இருக்கும். ஆபீஸில் அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் நடக்கும். மூளையில் தூண்டிவிடுகிற செல்கள் இருப்பதுபோல அடக்கிவைக்கிற செல்களும் உண்டு. பலத்த அடிக்குப் பிறகு அடக்கிவைக்கிறவற்றில் பல செத்துப்போகின்றன. தப்பிப் பிழைத்த மற்றச் செல்கள், அறுந்த தொடர்புக்குப் பதிலாகப் புதுக் கிளைகள் விடுகின்றன. அவை போய்ச் சேருகிற இடம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. நம் ஊர் வாய்க்காலில் மதகுப் பலகை பெயர்ந்து, ஆளாளுக்குக் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் எப்படியோ, அப்படி. கசிந்த ரத்தத்திலிருந்த இரும்புச்சத்து தங்கிவிட்டால் அதுவும் செல்களைத் தொந்தரவு செய்யும். இதெல்லாம் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. நீ நன்றாக இருந்த மாதங்களிலும் உள்ளே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நாள் அந்த இடத்துச் செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் துடித்து, அது இணைப்புகள் வழியாக இரண்டு பக்க மூளைக்கும் பரவினால், நினைவு தப்பிக் கை கால் வெட்டுகிறது. ராத்திரி கண்விழித்தது அன்றைக்குத் தூண்டிவிட்டிருக்கலாம். ஆனால் வேர் அந்தக் காயத்தில்தான் இருக்கிறது. உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே.

அமெரிக்காவில் மினசோட்டாவின் ஒரு வட்டாரத்தில் தலைக்காயம் பட்ட 4,541 பேரைத் தொடர்ந்து பார்த்து 1998-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லேசான காயம் பட்டவர்களில் 30 வருஷத்துக்குள் வலிப்பு வந்தது 100-க்கு 2 பேருக்குத்தான். பலத்த காயம் என்றால் 5 வருஷத்துக்குள் 10 பேர், 30 வருஷத்துக்குள் 17 பேர். மூளை கன்றியிருந்தாலோ உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலோ அது பலத்த காயக் கணக்கு. உனக்கு இரண்டும் இருந்தது. அப்படியும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. உனக்கு வந்துவிட்டது, சரி, இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அப்போதே நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது என்று அப்பா புலம்புகிறார். அவரிடமும் சொன்னேன்: அந்த மாத்திரை அடிபட்ட முதல் வாரத்தில் வரும் வலிப்பைக் குறைப்பதற்கு. பின்னால் வருவதைத் தடுக்கிற மருந்து இன்னும் யார் கையிலும் இல்லை. இப்போது நீ போடுவது வேறு கணக்கு. இவ்வளவு நாள் கழித்து ஒரு முறை வந்துவிட்டால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அதற்குத்தான் இது. இந்த வலிப்பு மாத்திரை, லெவடிராசிட்டம், போட்டதிலிருந்து எரிச்சலும் கோபமும் வருகிறது என்றாய். அது அந்த மருந்துக்கு உள்ள குணம்தான். டாக்டரிடம் சொல், அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே தம்பி. திடீரென்று நிறுத்தியவர்கள் விடாமல் வெட்டுகிற நிலையில் வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் சொல்கிறவரை பைக்கைத் தொடாதே. லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், காரணம் இல்லாமலா? தூக்கத்தைக் கெடுக்காதே, குடிக்கிற இடத்துக்குப் போகாதே. ரூமில் இருக்கும் பையன்களிடம் சொல்லிவை: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒன்றும் நிற்காது. ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

சித்தி கல்யாணப் பேச்சை எடுத்துக் கவலைப்பட்டாள். இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லித்தான் செய்வோம்.

அடுத்த முறை நியூரோ டாக்டரைப் பார்க்கும்போது நானும் வருகிறேன். தேதி கிடைத்ததும் போன் பண்ணு. பழைய சி.டி. பிலிம் வீட்டில்தான் இருக்கிறது, எடுத்து வருகிறேன்; மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்த இ.இ.ஜி. ரிப்போர்ட்டை நீ எடுத்து வை.

அன்புடன்,
அம்மா