பைண்டிங் கடைக்காரன் மகளுக்கு

அன்பு மகள்,

நேற்று இரவு போனில் "பி.எச்.டி. செய்யட்டா அப்பா" என்று நீ கேட்டபோது "யோசிப்பம் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன், அம்மா பக்கத்தில் நின்றதால்தான். அவளுக்குப் பி.எச்.டி. என்றால் நீ இன்னும் 4 வருஷம் மெல்பேர்னிலேயே நிற்கப்போகிறாய் என்ற ஒரே அர்த்தம். நான் ஓ.எல். மட்டும் படித்தவன்தான், ஆனால் கொழும்பில் தேர்ஸ்டன் வீதிப் பக்கம் 27 வருஷம் கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடுகளைக் கட்டிக் கொடுத்தவன், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஓர் ஆய்வேடு கடைக்கு இரண்டு தடவை வரும். வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்கு முன்னம் மெல்லிய அட்டையோடு ஒரு தடவை. அப்புறம் பரிசோதகர்கள் சொன்ன திருத்தம் எல்லாம் செய்து, ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து என்று இன்னொரு தடவை. உன் பக்கத்தில் சில இடங்களில் வைவா கிடையாது, வெளியாட்களுக்கு அனுப்பி எழுத்தில் அறிக்கை எடுப்பார்கள் என்று நீ சொன்னாய், அது வேறு. ஆனால் முதல் தடவை வந்து இரண்டாம் தடவை வராமல் போன முகங்கள் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கிறது. அதில் ஒருத்தரும் மூளை குறைந்தவர் இல்லை. வவுனியாப் பிள்ளை ஒன்று, திருத்திய ஒரு அத்தியாயத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார், மெயிலுக்குப் பதில் இல்லை. இடையில் அதற்கு வங்கியில் வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது, அந்த மெல்லிய அட்டைப் பிரதி ஒன்று கன நாளாக என் அலுமாரியிலேயே கிடந்தது.

அதனால் நீ பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. உனக்கு மேற்பார்வையாளராக வரப்போகிற பேராசிரியர் எப்படிப்பட்ட ஆள்? அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருஷம் எடுத்தது, இடையில் விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்? அவரிடம் கேட்காதே, அவருடைய லாபில் இருக்கிற பிள்ளைகளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் கேள்.

சித்தப்பா "மாஸ்டர்ஸ் எல்லாம் ஒன்றுதானே" என்கிறார். இல்லை. இங்கே இலங்கையில் படிப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துகிற தகைமைச் சட்டகத்தில் 12 படி. உன்னுடையது போலச் சிறப்பு இளமாணி 6, பாடம் மட்டும் படிக்கிற மாஸ்டர்ஸ், அதாவது முதுமாணி 9, அதோடு ஆய்வும் சேர்ந்தால் 10, முதுதத்துவமாணி என்கிற எம்.பில். 11, பி.எச்.டி. என்கிற கலாநிதி 12. முதுமாணியில் வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதுவாய். கடைசி இரண்டிலும் உன் ஆய்வுதான் முழுப் பாடமும், அதிலும் பி.எச்.டி. என்றால் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நீ சொல்லியாக வேண்டும். இங்கே கனபேர் எம்.பில்.லுக்குப் பதிந்து, வேலை நன்றாகப் போனால் பி.எச்.டி.யாக மாற்றிக்கொள்வார்கள். உனக்குச் சந்தேகம் இருந்தால் அங்கேயும் 2 வருஷ எம்.பில். இருக்கிறதா என்று பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசு விஷயம். பாடநெறி முதுமாணிக்கு நாங்கள்தான் கட்ட வேண்டும், ஆய்வுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைத்தால் அவர்கள் உனக்குத் தருவார்கள். ஆனால் அது சம்பளம் இல்லை, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பிடித்தால் சரி. முக்கியமாக, காசு 3 அல்லது 3.5 வருஷத்தில் நின்றுவிடும், ஆய்வேடு அந்தத் தேதியைப் பார்த்து முடியாது. அந்தக் கடைசி மாதங்களுக்கு என்ன செய்வது என்று இப்பவே கேள்.

பிறகு வேலை. கலாநிதி என்று கலியாணக் கார்ட்டில் போடுவதற்காக மட்டும் படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன் (மாமி அதைத்தான் முதலில் கேட்டார்). கம்பஸில் விரிவுரையாளராக வேண்டும் என்றால் இது தேவை, ஆனால் அங்கேயும் இங்கேயும் நிரந்தர இடம் கொஞ்சம், வரிசை நீளம். அதை மட்டும் நம்பி இறங்காதே. நீ படித்தது இரசாயனம். அங்கே கிளேட்டனில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மருந்துக் கம்பனிகள், காப்புரிமை பார்க்கிற அலுவலகங்கள், அரசாங்கத்தில் மருந்துக்கு அனுமதி கொடுக்கிற பிரிவு எல்லாம் இருக்கின்றன. திரும்பி வந்தால் பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், தேயிலை என்றால் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். சில வேலைக்குப் பி.எச்.டி. கட்டாயம், சிலதுக்கு 4 வருஷ அனுபவம்தான் பெரிது. நீ விரும்புகிற வேலைக்கான விளம்பரங்களில் ஒரு பத்தை எடுத்து, தகைமை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று வாசித்துப் பார். உனக்கு வந்த கம்பனி வேலையையும் அதோடு வைத்துப் பார்.

இன்னொன்று. உன் கேள்வி என்ன என்று நேற்று நான் கேட்டபோது நீ பேராசிரியர் தந்த தலைப்பைத்தான் சொன்னாய். அந்தத் தலைப்பு உனக்குப் பிடித்திருக்கிறதா என்று நீ சொல்லவில்லை.

ஞாயிறு காலை எடு, உன் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். முறுக்குப் பார்சல் நேற்றே அனுப்பியாகிவிட்டது.

அப்பா
வெள்ளவத்தை