குரல்வளை போன நடிகரின் வேடத்தைப் பறிக்காதீர்கள்: பிரிட்டிஷ் படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், பழைய படங்களின் ஒலித்தடங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கும்,

வணக்கம்.

ஒரு நடிகருக்குத் தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று தெரிந்த அன்றே அவர் வேடத்துக்கு வேறு ஆள் தேடத் தொடங்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். ஒலிப்பதிவு, டப்பிங், பேச்சுப் பயிற்சி ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. உங்கள் நாட்டிலேயே ஏழு ஆண்டுகள் நடந்தது இது. நடத்திக் காட்டியவர் நடிகர் ஜாக் ஹாக்கின்ஸ்.

1910-இல் லண்டனின் வுட் கிரீனில் பிறந்தவர். பதினான்கு வயது நிறைவதற்குள் மேடை ஏறியவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்துகொண்டு, படைவீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் பிரிவை நிர்வகித்தார். இலங்கையின் கித்துல்கலவில் எடுத்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' (1957), 'பென்-ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) என்று பெரிய படங்கள் எல்லாவற்றிலும் ராணுவ மிடுக்கோடு வந்த அந்தக் கனத்த குரலை உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஆனால் 'த க்ரூவல் சீ' (1953) படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தண்ணீரில் தத்தளிக்கும் மாலுமிகளுக்கு நேர் கீழே எதிரியின் நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி காட்டுகிறது. அவர்களைக் காப்பாற்றக் கப்பலை நிறுத்துவதா, குண்டு போடுவதா? கேப்டனாக நடிக்கும் ஹாக்கின்ஸ் கப்பலை நிறுத்தவில்லை. கண்ணும் தாடையும் இறுகிய வாயும்தான் அந்தக் காட்சியைச் சுமக்கின்றன. வசனம் மிகக் கொஞ்சம். குரல்வளை அறுவை இவற்றில் எதையும் தொடுவதில்லை.

ஓயாமல் சிகரெட் பிடித்தவர் அவர். 1959-இலேயே தொண்டைக்குக் கோபால்ட் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். நோயை வெளியே சொன்னால் வாய்ப்பு நின்றுவிடும் என்ற பயம் எந்த நடிகருக்கும் இருக்கும், அந்தப் பயத்துக்குக் காரணம் உங்கள் தொழில் நடக்கும் விதம்தான். 1965 டிசம்பரில் புற்றுநோய் என்று உறுதியானது. 1966 ஜனவரியில் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 'வாட்டர்லூ' (1970), 'நிக்கோலஸ் அண்ட் அலெக்சாண்ட்ரா' (1971), 'யங் வின்ஸ்டன்' (1972) உட்பட பல படங்களில் நடித்தார். 'த ரூலிங் கிளாஸ்' (1972) படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். திரையில் அவர் வாய் அசைக்க, அவர் சம்மதத்தோடு சார்லஸ் கிரேயோ ராபர்ட் ரியட்டியோ குரல் கொடுத்தார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், குரல்வளையை எடுக்கும்போது மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்புறம் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மூச்சு போவதும் வருவதும் அந்தத் துளை வழியாகத்தான். ஒலி போய்விடுகிறது. உதடு, நாக்கு, பல், அண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. எனவே சொல்லின் வடிவம் வாயில் சரியாக விழும். நாம் டப்பிங் செய்வது அந்த வடிவத்துக்குத்தானே!

சிக்கல் வருவது வேறு இடத்தில். நாம் பேசும்போது மூச்சு தீர்ந்தால் நிறுத்துகிறோம். சத்தமில்லாமல் வாயசைப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர் வசனத்தை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவார். பின்னால் குரல் கொடுப்பவர் மூச்சுவிட இடமில்லாமல் திணறுவார்; கேட்பவருக்கு 'ஒட்டவில்லை' என்று தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாது. இன்னொன்று, எதிரே நிற்கும் நடிகருக்கு வசனம் காதில் விழாது. எப்போது தன் முறை என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை கேமராவில் பதிந்துவிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். குரல் கொடுப்பவரைப் படப்பிடிப்புக்கு முன்பே தேர்ந்தெடுங்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வசனம் படிக்கச் சொல்லி, மூச்சு விழும் இடங்களில் கோடு போட்டு, அதை அங்கேயே பதிவு செய்யுங்கள். பாட்டுக் காட்சிக்கு முன்பே பதிவான பாட்டை ஓட்டி வாயசைக்க வைக்கிறோமே, அதே முறைதான். அந்தப் பதிவைச் சிறு காதுக்கருவி வழியாக இரண்டு நடிகர்களுக்கும் கொடுங்கள். இறுதி டப்பிங்கின்போது முதலில் பார்க்க வேண்டியது ப, ம போல உதடு ஒட்டும் ஒலிகளை. விநாடிக்கு 24 ஃபிரேமில் இரண்டு ஃபிரேம் முந்தினாலே கண் பிடித்துவிடும். மற்ற ஒலிகளில் கொஞ்சம் தளர்வு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

உணவுக்குழாயில் காற்றை இழுத்து வெளியேற்றிப் பேசக் கற்றவர்கள் உண்டு. ஒரு இழுப்புக்குச் சில அசைகள்தான் வரும், குரல் மிகவும் தாழ்ந்திருக்கும். அவர்களை வைத்து எடுக்கும்போது, டேக்கில் ஒலி எழுப்புவதா வாயசைப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். காற்றை இழுக்கும்போது உதடும் தாடையும் ஒருமுறை இறுகும். ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் அது அண்மைக் காட்சியில் தெரியும். சில வேடங்களுக்கு அந்தக் குரலே பொருந்தும் என்பது எங்கள் அபிப்பிராயம். பயந்து மறைக்க வேண்டியதில்லை.

உடை விஷயத்தில் கவனம் வேண்டும். வரலாற்றுப் படங்களின் உயரமான இறுக்கக் கழுத்துப்பட்டி துளையை மறைக்க வசதி. ஆனால் அதுவே மூச்சை அடைத்துவிடும். மெல்லிய, காற்று புகும் துணியை உள்ளே வைத்து, முன்புறம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தையுங்கள். மூக்கு செய்த வடிகட்டும் வேலையும் ஈரமாக்கும் வேலையும் இப்போது இல்லாததால் புகை இயந்திரம், புழுதி, குளிர்காற்று எல்லாம் நேரே நுரையீரலுக்குப் போகும். துளையின் மேல் பொருத்தும் வடிகட்டி வில்லைகள் கிடைக்கின்றன. மாற்று வில்லைகள் தயாராக இருக்கட்டும். சளி வந்தால் கழுத்து வழியாகத்தான் வரும், அதைத் துடைக்கத் தனி இடமும் ஐந்து நிமிடமும் கொடுங்கள். மார்பளவுக்கு மேல் தண்ணீரில் இறக்கவே கூடாது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவதும் கடினம், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சிக்கு டூப் போடுங்கள்.

படப்பிடிப்புத் தளத்து மருத்துவ உதவியாளருக்கு இதை எழுத்தில் கொடுங்கள்: இவர் மூச்சு நின்று விழுந்தால் வாயில் ஆக்சிஜன் முகமூடி வைத்துப் பயனில்லை. கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான சிறிய முகமூடி அந்த இடத்தில் சரியாக உட்காரும். பதற்றத்தில் பழக்கதோஷமாகக் கை வாய்க்குத்தான் போகும் என்பதால் சொல்கிறோம்.

ஹாக்கின்ஸ் தன் குரலோடு பேசும் ஆசையை விடவில்லை. 1973-இல் செயற்கைக் குரல்வளை பொருத்தும் சோதனை அறுவைக்கு உடன்பட்டார். இரத்தப்போக்கு ஏற்பட்டு அந்த ஆண்டு ஜூலை 18 அன்று 62 வயதில் இறந்துபோனார். அமெரிக்காவில் சிங்கர், புளோம் என்ற இருவர், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் சிறிய சிலிக்கான் வால்வை உருவாக்கியது 1970-களின் கடைசியில்தான். அந்த வால்வை வைத்து இன்று பலர் தெளிவாகப் பேசுகிறார்கள். அவருக்கு அது எட்டவில்லை.

குரல் கொடுத்தவர்களின் பெயர் அன்று பெரும்பாலும் திரையில் வரவில்லை. இனி போடுங்கள். நடிகர் பெயருக்கு அடுத்த வரியிலேயே 'குரல்' என்று போடுவதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

கடைசியாக, உங்களால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்று. இப்போது பழைய பதிவுகளிலிருந்து கணினி வழியாக ஒருவரின் குரலை மீண்டும் உருவாக்க முடிகிறது. தொண்டைப் புற்றுநோயால் குரல் பாதிக்கப்பட்ட அமெரிக்க நடிகர் வால் கில்மருக்கு 2021-இல் லண்டன் நிறுவனம் ஒன்று அப்படிச் செய்து கொடுத்தது. அதற்குச் சுத்தமான பேச்சு வேண்டும். வெளியான படத்தின் ஒலியில் இசையும் குதிரைக் குளம்படியும் கலந்து கிடக்கும், அதைப் பிரித்தெடுத்தால் குரல் தேய்ந்துபோகும். கலப்பதற்கு முந்தைய வசனத் தடம் இருப்பது உங்கள் பெட்டகத்தில்.

அறுவைக்கு முன்பே நடிகரை அமைதியான அறையில் உட்கார வைத்துப் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் நோய் தெரியவரும்போது குரல் ஏற்கெனவே கரகரத்துப்போயிருக்கும். ஹாக்கின்ஸுக்கு டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கிடைத்தது சில வாரங்கள். எனவே எந்த நடிகராவது, அல்லது அவர் சார்பில் யாராவது, அவருடைய பழைய வசனத் தடங்களைக் கேட்டு எழுதினால், உரிமைப் பேச்சை மாதக்கணக்கில் இழுக்காமல் ஒரு வாரத்துக்குள் நகல் எடுத்துக் கொடுங்கள். அந்தக் குரலை எந்தப் படத்தில் யார் பயன்படுத்தலாம் என்பதை அவரே எழுதிக் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, டப்பிங், பேச்சுப் பயிற்சித் துறைகளில் பணிபுரிவோர்