குருவிக்கூடு கொடுப்பவர்கள் இதையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் ஊருக்கு ஊர் கூட்டுப் பெட்டிகள் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் வந்தபின் குருவி நுழைய ஓர் இடுக்குகூட இல்லை. ஆனால் பெட்டியை எங்கே, எப்படி மாட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கும் பெட்டிகள் வந்தன. பக்கத்து வீட்டில் வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்டினார்கள். மே மாதம் திறந்து பார்த்தபோது வைக்கோலும் கோழி இறகும் பரப்பிய மெத்தையில் இரண்டு குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சிட்டுக்குருவிக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான துளை போதும். பெரிதாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். துளைக்கு முன்னால் குச்சி வைக்க வேண்டாம். முட்டை திருட வரும் பறவைக்குத்தான் அது வசதி. நிழலான சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில், மின்விசிறிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். குஞ்சுகள் பறந்துபோனதும் பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்தால் மறுபடி முட்டையிட இடம் தயார்.

அப்புறம், அரிசி போட்டால் மட்டும் போதாது. குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான். வேலியோரப் புதரை வெட்டி, பூச்சிமருந்தும் அடித்துவிட்டால் அவை எங்கே போய்த் தேடும்?

இந்த ஆண்டு பெட்டி கொடுப்பவர்கள், இவற்றை அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்